மணி அடிக்காத வீடு

எங்கள் வீட்டில் யாரையும் கூப்பிட்டு எழுப்பும் வழக்கம் கிடையாது. சித்தி வந்து கால்மாட்டில் நிற்பாள். குனிந்து, நம் கால் கட்டைவிரலை இரண்டு விரலால் பிடிப்பாள். அழுத்த மாட்டாள், ஆட்ட மாட்டாள். சும்மா பிடித்துக்கொண்டு நிற்பாள். தூக்கம் தானாகக் கலைந்து கண்ணைத் திறந்தால், பாதி வெளிச்சத்தில் ஓர் உருவம் வாயைத் திறக்காமல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி ஒருமுறை எங்கள் வீட்டில் தங்கினாள். காலையில் அவளுக்கும் அதே மரியாதை நடந்தது. அதற்குப் பிறகு அவள் எங்கள் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

வாசலில் காலிங்பெல் சுவிட்ச் உண்டு. அமுக்கினால் சத்தம் வராது. சமையலறையில் ஒரு சிவப்பு பல்பு எரியும். சிலிண்டர்காரர் எங்களுக்குச் செவிட்டு வீடு என்றே பெயர் வைத்திருந்தார். சுவர்க்கடிகாரம் ஓடும், அடிக்காது; அடிக்கிற சுத்தியலைச் சித்தி கழற்றி எறிந்துவிட்டாள். விசில் அடிக்கிற குக்கர் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. போன் ஒரு துண்டுக்குள் சுருட்டி அலமாரியில் கிடக்கும். ஏன் இப்படி என்று கேட்டால் சித்திக்கு ஒரே பதில்தான்.

“சத்தத்துல எழுந்தா முழுசா எழுந்திருக்க மாட்டீங்க. பாதி அங்கேயே நின்னுடும்.”

எங்கே நின்றுவிடும் என்று அவள் சொன்னதில்லை. சின்ன வயதில் எனக்கு அந்த ‘அங்கே’ என் கட்டிலுக்கு அடியில் இருப்பதாகத்தான் எண்ணம். கீழே பென்சில் உருண்டு போனால் போனதுதான், கையை விட்டு எடுக்க மாட்டேன்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. என் தங்கையைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டாள். எனக்கு அவள் முகம்கூட ஞாபகமில்லை. கூடத்துச் சுவரில் ஒரு படம் மட்டும் இருந்தது. சித்தி தினமும் அதைத் துடைப்பாள். “எங்க அக்கா மாதிரி வருமா” என்பாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவளை அப்பாவே கட்டிக்கொண்டார் என்று நானாகவே புரிந்துவைத்திருந்தேன். அப்பாவும் சில வருடங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவோம், ஆனால் அம்மாவிடம் பேசுவதுபோல ‘நீ’ என்றுதான் பேசுவோம். சித்திக் கொடுமை என்று எவராவது கதை ஆரம்பித்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

தங்கைக்கு வீட்டில் குட்டி என்று பெயர். என்னைவிட அரையடி உயரமாக வளர்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனதும் அவள் முதலில் வாங்கியது பால் காய்ச்சப் பாத்திரமில்லை, காலிங்பெல். அமுக்கினால் ஒரு பறவை காட்டுக்கத்தல் கத்தும். போனில் எழுந்திருக்க ஒரு அலாரம், சாப்பிட ஒரு அலாரம், மாத்திரை போட ஒரு அலாரம். மௌன விரதம் முடிந்தது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சித்தி அந்த வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, அலாரம் எங்கிருக்கிறது என்று தேடுகிறவள்போலச் சுவர்களையே பார்ப்பாள்.

நான் மரபணு ஆலோசகர் படிப்பில் சேர்ந்ததற்கு லட்சியம், மண்ணாங்கட்டி எதுவும் காரணமில்லை. ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரிப்போர்ட் கொடுக்கும் மேசையில் வேலை பார்த்தேன். உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்று என்னையே கேட்பார்கள். டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அர்த்தம் சொல்வதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்தபோது, சரி, அதையாவது படிப்போம் என்று போய்ச் சேர்ந்தேன். மருந்து கொடுக்கிற வேலை இல்லை. ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து, உங்களுக்குள் இன்ன நோய் ஓடுகிறது, இன்னாருக்கு வரலாம், பரிசோதனை செய்தால் இது தெரியும், செய்யாவிட்டால் இப்படி என்று எடுத்துச் சொல்லி, முடிவை அவர்களிடமே விடுகிற வேலை. அடுத்தவர் வீட்டுக் கதை கேட்பதில் நான் சின்ன வயதிலிருந்தே கெட்டி.

முதலில் கற்றுக்கொடுத்தது வம்சப்படம் வரைய. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு. சொல்லிக்கொடுத்தவர் எப்போதும் ஜலதோஷத்தோடு இருக்கும் ஒரு மேடம். கோடு ஒரு நூல் பிசகினாலும் தாளைத் திருப்பித் தந்துவிடுவார் என்பதால் ஸ்கேல் மேடம் என்று பெயர். அவர் முதல் நாள் சொன்னது ஒன்றுதான்: உறவுமுறைப் பெயரை நம்பி வரையாதீர்கள், யார் வயிற்றில் யார் பிறந்தார் என்று கேட்டு வரையுங்கள்.

நம் மொழியில் அதற்கு நிறையவே வேலை இருக்கிறது. அத்தை என்றால் அப்பாவின் அக்காவாகவும் இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம், ரெண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். மாமா என்பவர் ரத்தமா, சம்பந்தமா, மேல் மாடியில் குடியிருப்பவரா என்று தோண்டித் துருவிக் கேட்க வேண்டும். பயிற்சிக்கு நோயாளியாக நடிக்க ஒரு நாடகக்காரியை வரவழைப்பார்கள். அந்தம்மா கண்ணீரும் கம்பலையுமாக, “எங்க அத்தைக்கும் இதே கான்சர்தாங்க” என்றபோது வகுப்பே உருகிப்போனது. நான் மட்டும், அப்பா கூடப் பிறந்த அத்தையா, கட்டிக்கொடுத்த இடத்து அத்தையா என்று கேட்டேன். மாமியார் என்றாள். அப்படியானால் அந்த கான்சருக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்றேன். ஸ்கேல் மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு ‘குட்’ போட்டார். அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் திமிரோடுதான் அடுத்த வாரம் கரும்பலகை முன்னால் போய் நின்றேன். அவரவர் குடும்பத்தை அவரவர் வரைய வேண்டும். அம்மாவுக்கு ஒரு வட்டம், பக்கத்தில் அதே கிளையில் சித்திக்கு ஒரு வட்டம், மாமாவுக்குச் சதுரம், மூவரையும் பெற்றவளுக்கு மேலே ஒரு வட்டம். சித்தியை விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் சாய்கோடு போட்டேன். எப்படி இறந்தார்கள் என்று மேடம் கேட்டார். நானும் கடகடவென்று ஒப்பித்தேன். பாட்டி, ஆலைக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கியவள். விடியற்காலையில் சங்கு ஊதியது, அவள் எழுந்திருக்கவில்லை. மாமா மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். தலைமாட்டில் போன் அடித்தது, கெட்ட சேதி கேட்டு அங்கேயே விழுந்துவிட்டார். அம்மா பிரசவத்துக்குப் பிறகு.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சங்கு, போன் என்று நான் சொன்ன தோரணை அப்படி. மேடம் சிரிக்கவில்லை. போனை எடுத்துப் பேசினாரா என்று கேட்டார். இல்லை, எடுக்கிறதுக்குள்ளேயே என்றேன்.

“எடுக்கவே இல்லன்னா, சேதி கெட்டதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

நான் சாக்பீஸோடு நின்றேன். பிறந்ததிலிருந்து கேட்ட கதை. ஒரு நாளாவது இதை யோசித்திருக்கிறேனா? இல்லை. அந்த நேரம் பார்த்து யாருடைய பையிலோ போன் அலறியது. வகுப்பு முழுக்கத் தலையைத் திருப்பி என்னைத்தான் பார்த்தது. நான் விழுகிறேனா என்று பார்த்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில குடும்பங்களில் அப்படி ஒன்று ஓடுகிறது என்று மேடம் விளக்கினார். இதயம் ஒருமுறை துடித்துவிட்டு அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் திடீரென்று ஒரு மணி, ஒரு போன், ஒரு அலாரம் கேட்டால் தாளம் தப்பிவிடும். சிலர் மயங்கி எழுவார்கள். சிலர் எழமாட்டார்கள். வலிப்பு என்றும் பசிமயக்கம் என்றும் சொல்லிக் கடந்துபோவார்கள். தெரிந்துவிட்டால் தினமும் மாத்திரையும் கொஞ்சம் எச்சரிக்கையும் போதும், முக்கால்வாசிப் பேர் பிழைத்துக் கிடப்பார்கள். பெண்களுக்கு ஆபத்து அதிகமான காலம் குழந்தை பிறந்த பிறகு வரும் மாதங்கள். அசதித் தூக்கம், பக்கத்திலேயே வீறிடும் குழந்தை.

அதற்கு மேல் என் காதில் எதுவும் ஏறவில்லை. குட்டிக்கு மாதம் நிறைந்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை மணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது அவள் தடாலென்று விழுந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்றார்கள். மறுநாள் சித்தி போய்த் தலைமையாசிரியையோடு மல்லுக்கட்டி, குட்டியை மணிச்சத்தம் கேட்காத கடைசிக் கட்டடத்துக்கு மாற்றினாள். என் வகுப்பு மணிக்கு நேர் கீழே இருந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது எனக்கு அது மனத்தாங்கல்.

முதலில் நானே போய் ஈசிஜி எடுத்துக்கொண்டேன். கோட்டில் ஒரு குறையும் இல்லை. ஒரு தாள் நன்றாக இருப்பதை வைத்து முடிவுகட்ட முடியாது, தங்கைக்கு எடுக்க வேண்டும் என்றார் மேடம். குட்டியைக் கேட்டால் சிரிக்கிறாள். அவளுடைய டாக்டரிடம் சொன்னாளாம், அவரும் பிறகு பார்க்கலாம் என்றாராம். “உன் வீட்டுப்பாடத்துக்கு நான்தான் கிடைச்சேனா? பிரசவம் ஆகட்டும், நீ என்ன எடுக்கச் சொன்னாலும் எடுக்குறேன்.” பிரசவம் ஆகட்டும் என்கிற அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது? ராத்திரியெல்லாம் புரண்டேன். மறுபடியும் மேடத்திடம் போய் அழாத குறையாக நின்றேன். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு, ஆனால் விஷயம் முழுதாகத் தெரிந்து சொல்ல வேண்டும் என்றார். அந்தக் கிளையில் உயிரோடு இருப்பவர் உங்கள் சித்திதான், போய் உட்கார்ந்து கேளுங்கள் என்று அனுப்பினார்.

நான் போனபோது மத்தியானம். சுவிட்சை அமுக்கினேன். உள்ளே பல்பு எரிந்திருக்க வேண்டும். சித்தி வந்து கதவைத் திறந்தாள். கூடத்தில் பழைய வேட்டிகளைப் பரப்பிக் குழந்தைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். யாராக இருந்தாலும் பழந்துணியைச் சர்ரென்று கிழிப்பார்கள். சித்தி கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டுவாள்.

எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சங்கு, போன், இதயம், ஈசிஜி. அவள் தலை நிமிரவில்லை, கத்தரிக்கோல் நிற்கவில்லை. ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி விசேஷம் சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டாள்.

“உனக்கு வராது,” என்றாள்.

என் ஈசிஜியிலும் குறை இல்லைதான், ஆனால் வராது என்று உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவள் அடுத்த துணியை எடுத்தாள். “குட்டிக்கு?” என்றேன்.

கத்தரிக்கோல் நின்றது. அது நின்ற பிறகுதான், இவ்வளவு நேரமும் வீட்டில் இருந்த ஒரே சத்தம் அதுதான் என்று தெரிந்தது. அடிக்காத கடிகாரம் ஓடுவது கேட்டது. சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் இருந்த ‘அங்கே’ இப்போது எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில், அந்த வெள்ளைத் துணிகளின் மேல் உட்கார்ந்ததுபோல இருந்தது.

ஒரு கேள்விக்குக் கதவு சாத்திக்கொண்டால் முட்டாதே, வேறு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திரு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மாமாவுக்கு அன்றைக்குப் போன் செய்தது யார் என்று கேட்டேன். குடும்பத்தில் அது விடை தெரியாத விஷயம். தப்பான நம்பராக இருக்கும் என்பார் அப்பா. கூப்பிட்டது மனுஷனே இல்லை என்பது ஊர்ப்பேச்சு.

“நான்தான்,” என்றாள் சித்தி.

அவளே மேலே சொல்லட்டும் என்று நான் அசையாமல் இருந்தேன்.

“ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு போன் இருந்துச்சு. சுவரைப் பிடிச்சுக்கிட்டே நடந்து போய்ப் பண்ணேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மத்தியானம் தூங்குவான், தெரியும். எடுக்கலையேன்னு திரும்பவும் பண்ணேன்.”

கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாமாவின் மனைவி சொன்னாளாம்: முதல் தடவை அடித்து ஓய்ந்தது, இரண்டாவது தடவை அடிக்கும்போது உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. எவன் அந்தக் கட்டையில் போவான் என்று கூப்பிட்டவனைச் சபித்துத் தீர்த்தாளாம். சித்தி எதிரில் உட்கார்ந்து அவ்வளவையும் கேட்டிருக்கிறாள். இத்தனை வருடமாக வாயைத் திறக்கவில்லை. தன் அம்மாவைச் சங்கு கூப்பிட்டது, அண்ணனைத் தானே கூப்பிட்டோம் என்று அவளுக்குள் ஒரு கணக்கு. பெயர் தெரியாமல், படம் வரையாமல், அவள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டிருந்தாள்.

ஆனால் எனக்கு ஒன்று இடித்தது. குட்டி பிறந்த அன்றைக்குத்தானே மாமா போனார் என்று வீட்டில் பேச்சு? அம்மா போனதும் அப்போதுதானே?

“அம்மா போயிட்டாங்கன்னு சொல்றதுக்கா சித்தி, போன் பண்ணே?”

அவள் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“இல்ல. நான் நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கு.”

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குட்டியைப் பெற்றவள் சித்தி. சுவரில் இருந்த படம் என்னைப் பெற்றவளுடையது, என்னை மட்டும். மிச்சத்தைச் சித்தியே சொன்னாள். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே அவள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பா கட்டிக்கொண்டு வந்தவள்தான் சித்தி. அம்மாவின் தங்கை இல்லை, தூரத்துச் சொந்தம்கூட இல்லை. பாட்டியும் மாமாவும் சித்தியின் பக்கத்து ஆட்கள். மூத்தவளை இளையவள் அக்கா என்றுதானே சொல்வாள்? அப்பாவின் இரண்டாம் மனைவியைச் சித்தி என்றுதானே கூப்பிடுவோம்? நாடகக்காரியிடம் கூடப் பிறந்த அத்தையா, கட்டிக்கொடுத்த அத்தையா என்று நீட்டி முழக்கிய நான், என் வீட்டில் அக்கா என்றால் எந்த அக்கா, சித்தி என்றால் எந்தச் சித்தி என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கரும்பலகையில் இரண்டு அந்நியப் பெண்களை ஒரே கிளையில் தொங்கவிட்டிருந்தேன். தப்பான படம், ஆனாலும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது.

ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். நான் பேசப் பழகும்போது என்னைச் சித்தி என்று கூப்பிடவைத்தது அப்பாதானாம். குட்டி வாயைத் திறந்ததும் நான் கூப்பிடுவதைப் பார்த்து அவளும் சித்தி என்றாளாம். திருத்திவிடலாம் என்று சித்தி நினைத்திருக்கிறாள். அதற்குள் மாடிவீட்டுக்காரி ஒருத்தி, சின்னது உன் சொந்த ரத்தம், பெரியது மூத்தாள் பிள்ளை, வித்தியாசம் இருக்கத்தானே செய்யும் என்று என் காதுபடப் பேசிவிட்டாள். அன்றிலிருந்து நான் சித்தி மடிக்கு வரவில்லையாம், சோற்றைத் தட்டிவிட்டேனாம்.

“ரெண்டும் அக்கா பெத்ததுன்னு சொன்னேன். மறுபடி மடிக்கு வந்தே.”

அவ்வளவுதான். வீட்டையும் தெருவையும் மாற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கும் தாய் என்ற இடத்தில் சித்தியின் பெயரையே போட்டார்கள். வளர்த்தவள் என்பதால் என்று நான் நினைத்திருந்தேன். சொந்த மகள் வாயால் அம்மா என்று கேட்கிற பாக்கியத்தை எனக்காக ஒருத்தி விட்டுவிட்டிருக்கிறாள்.

எனக்கு வராது. அந்தக் கிளையில் எனக்கு இடமே இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வயிறு எரிந்தது. ஆளைத் தூக்கத்தில் கொல்கிற ஒரு நோய்க்காக நான் என் தங்கையின் மேல் பொறாமைப்பட்டேன். உனக்கு வராது என்றால் நீ என் பெண் இல்லை என்றுதானே அர்த்தம். உறையைப் பிரித்துவிட்டு என் மேசைக்கு வந்தவர்களுடைய முகம் எல்லாம் ஞாபகம் வந்தது.

அழுவதற்கு நேரமில்லை. குட்டியிடம் இதை நான் சொல்ல முடியாது, நீதான் சொல்ல வேண்டும் என்றேன். தெரிந்தால் நீங்கள் இரண்டு பேரும் இரண்டாகப் போய்விடுவீர்கள் என்றாள். சொல்லாவிட்டால் ஒருத்திதான் இருப்பாள் என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று எனக்கே தெரியாது. சித்தி வெட்டிய துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். போன் செய்து வருகிறோம் என்று சொல்லட்டுமா என்றதற்கு, வேண்டாம் என்று ஒரேயடியாக மறுத்தாள்.

குட்டி வீட்டு வாசலில் பழக்கதோஷத்தில் என் விரல் பெல்லுக்குப் போனது. சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி அப்படி ஒரு பிடி. நகத்தால் கதவைச் சுரண்டினாள். எலி என்று நினைத்துத்தான் தங்கை வீட்டுக்காரர் கதவைத் திறந்திருப்பார். வாங்க, அவள் தூங்குகிறாள், மாத்திரைக்கு அலாரம் வைத்திருக்கிறாள், இப்போது அடித்துவிடும், எழுந்துவிடுவாள் என்றார் சிரித்துக்கொண்டே. சித்தி அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

திரை இழுத்த அறை. குட்டி ஒருக்களித்து, வயிற்றுக்கு ஒரு தலையணை முட்டுக்கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். போன் மேசையில் இல்லை. ஜன்னலில் இல்லை. சார்ஜர் ஒயர் மட்டும் பாம்புபோலக் கட்டிலில் ஏறித் தலையணைக்கு அடியில் போயிருந்தது. சித்தி கால்மாட்டுக்குப் போய்க் குனிந்து கட்டைவிரலைப் பிடித்தாள். குட்டி அசையவில்லை. நான் தலையணைக்குக் கீழே கையை விட்டுத் துழாவினேன். ஆயுசில் முதல் முறையாக அந்த ‘அங்கே’ கையை விடுகிறேன். அவளுடைய மூச்சு என் மணிக்கட்டில் பட்டுக்கொண்டிருந்தது. சித்தி கட்டைவிரலைப் பிடித்தபடி நின்றாள், வீட்டில் எங்களுக்கு எத்தனையோ காலை நின்றதுபோல, அவசரமே இல்லாமல்.

குட்டி கண்ணைத் திறந்தாள். என் கையில் போன் தட்டுப்பட்டது. வெளியே இழுத்தபோது திரையில் மணிப்படம் ஆட ஆரம்பித்திருந்தது. சத்தம் வருவதற்குள் அமுக்கினேன்.

“என்ன சித்தி, இங்கேயும் வந்துட்டியா?” என்றாள் குட்டி, தூக்கக் குரலில்.

“சித்தி இல்லடி,” என்றாள் அவள். “பெத்தவ.”

அடுத்த நாள் எடுத்த ஈசிஜியில் டாக்டர் பேனாவால் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி, இது நீளம், இவ்வளவு இருக்கக் கூடாது என்றார். சித்திக்கும் எடுத்தார்கள். அதே நீளம். குட்டிக்கு உடனே மாத்திரை ஆரம்பித்தார்கள். பிரசவ அறையில் கருவிகளின் கூச்சலை அடக்கிவைத்து, நர்சுகள் கிசுகிசுத்துப் பேசி, அவள் நல்லபடியாகப் பெற்றாள். பெண் குழந்தை. குழந்தைக்குப் பரிசோதனை செய்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. நோய்க்காகக் குட்டி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஏமாற்றிவிட்டாய் என்று சொல்லித்தான் அழுதாள், சித்தியிடம் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அதுவும் தேய்ந்தது. இப்போது இருவரும் ஒரே டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். கூப்பிடுவது மட்டும் இன்னும் சித்திதான். வாய் பழகிவிட்டது என்கிறாள் குட்டி. அவள் வீட்டில் இப்போது பறவை கத்துவதில்லை. கூடத்தில் ஒரு சிவப்பு பல்பு எரிகிறது.

நான் படத்தைத் திருத்தி வரைந்து மேடத்திடம் கொடுத்தேன். சித்தியின் வட்டத்திலிருந்து குட்டிக்கு ஒரு கோடு இறங்கியது. எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. நான் செத்துப்போன ஓர் அம்மாவுக்குக் கீழே தனியாக நின்றேன். வளர்த்த பிள்ளைக்கு என்ன போடுவது என்று கேட்டேன். அடைப்புக்குறியும் விட்டு விட்டு ஒரு கோடும் என்றார். போட்டேன். பார்க்க மழைத்தூறல்போல இருந்தது. கோடு கொஞ்சம் வளைந்திருக்கிறது என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

போன வாரம் குட்டிக்கு உதவியாகப் போய், மத்தியானம் அவள் அறையில் தரையில் பாய் போட்டுப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனேன். கட்டைவிரலை யாரோ பிடித்திருப்பது தெரிந்து கண்ணைத் திறந்தேன். கால்மாட்டில் சித்தி. கட்டிலில் குட்டி ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தாள். தொட்டிலில் குழந்தை முகத்தைச் சுளித்து, உதட்டைப் பிதுக்கி, அழுகைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சித்தி அதன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், குனிந்த மேனிக்கு என் விரலைப் பிடித்திருந்தாள்.

இத்தனை வருடம் தெரிந்தேதான் பிடித்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

“எனக்குத்தான் வராதுன்னு சொன்னியே, சித்தி?”

“அதுக்கு?” என்றாள்.